ஆகாயத்தில் கிட்ட, ஹட்டனுக்கு எட்ட: பலாலி – திருச்சி விமானக் கணக்கு

யாழ்ப்பாணம் பலாலிக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையே 2025 மார்ச் 30 முதல் இண்டிகோ விமானம் பறக்கிறது. நேர்கோட்டில் தூரம் ஏறத்தாழ 185 கிலோமீற்றர்தான். மணிக்கு 500 கிலோமீற்றர் வரை செல்லும் ஏ.டி.ஆர். விமானத்துக்கு இது அரை மணி நேரம்கூட இல்லை. ஆனாலும் அட்டவணையில் ஒரு மணி நேரம் போடுகிறார்கள். ஓடுபாதைக்கு நகர்வது, மேலேறுவது, வேகம் குறைத்து இறங்குவது எல்லாம் அதில் அடங்கும்.

கட்டுநாயக்கவிலிருந்து திருச்சிக்கு ஏறத்தாழ 415 கிலோமீற்றர். தூரம் இரு மடங்குக்கு மேல். ஆனால் ஜெட் விமானத்தின் வேகம் அதிகம் என்பதால் அதற்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரமே.

ஆகவே, 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் கடலின் இரு கரையிலும் பிரிந்துபோன மலையகக் குடும்பங்கள் பார்க்க வேண்டியது வீதித் தூரத்தைத்தான். ஹட்டனிலிருந்து கண்டிக்கு வந்த பிறகும் யாழ்ப்பாணத்துக்கு ஏ9 வீதியில் 321 கிலோமீற்றர் போகவேண்டும். கட்டுநாயக்க அந்த மொத்தத் தூரத்தில் பாதிகூட இல்லை.

பலாலி டிக்கெட் மலிவாகக் கிடைத்தாலும், பஸ் கட்டணத்தையும் தோட்டத்தில் இழக்கும் நாட்சம்பளத்தையும் கூட்டிப் பார்த்த பிறகு பதிவு செய்வதே நல்லது.