பாட்டுக் கோப்பிலிருந்து சிடி வரை

இணையத்திலிருந்து இறக்கிய பாடல்களை வீட்டிலேயே சிடியில் பதிய மூன்று பொருள்கள் போதும்: சிடி ரைட்டர் உள்ள கணினி, ஒரு பிளாங்க் சிடி, பதிவு மென்பொருள். இப்போதைய மடிக்கணினிகள் பலவற்றில் ரைட்டர் இருப்பதில்லை. அவற்றுக்கு யுஎஸ்பி வழியாக இணைக்கும் வெளி ரைட்டர் கிடைக்கிறது. வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் பதிந்த சிடி காரில் பாடும், வீட்டுப் பழைய பிளேயரில் பாடாது. நூறு பாட்டுக்கு மேல் கொள்ளும் என்று நினைத்த தட்டில் பதினாறு பாட்டோடு இடம் தீர்ந்துவிடும். இந்தக் குழப்பங்களில் பெரும்பாலானவை ஆடியோ சிடியும் டேட்டா சிடியும் வேறு வேறு என்பது தெரியாததால் வருபவை.

ஆடியோ சிடி

பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்களும் 1980இல் சேர்ந்து வகுத்த விதித்தொகுப்புக்கு 'ரெட் புக்' என்று பெயர். அதன்படி அமைந்த சிடிகளும் பிளேயர்களும் 1982இல் ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தன. இந்த முறையில் ஒலி நொடிக்கு 44,100 தடவை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட் எண்ணாகிறது. இடது ஒலிபெருக்கிக்கும் வலது ஒலிபெருக்கிக்கும் கணக்கு தனித்தனி. ஆக மொத்தம் நொடிக்குச் சுமார் 1,411 கிலோபிட். ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று ஏறத்தாழ 53 எம்பி இடம் பிடிக்கும்.

இந்தக் கணக்கில் எந்தச் சுருக்கமும் இல்லை. அதனால் 12 செ.மீ. விட்டமுள்ள தட்டில் முதலில் 74 நிமிட இசையே கொண்டது. இன்று கடைகளில் கிடைக்கும் 700 எம்பி தட்டில் 80 நிமிடம் கொள்ளும். ஒரு சிடியில் அதிகபட்சம் 99 டிராக்குகள் இருக்கலாம். எந்தக் காலத்துச் சிடி பிளேயரும் இந்த ஒரே விதியைப் பின்பற்றுவதால், ஆடியோ சிடியைத்தான் எங்கும் நம்பிக் கொண்டுபோகலாம்.

டேட்டா சிடி

இணையத்தில் வரும் பாடல்கள் பெரும்பாலும் எம்பி3 கோப்புகள். ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இந்த முறையை உருவாக்குவதில் முக்கியப் பங்காற்றினர். மனிதக் காதின் ஓர் இயல்பே இதன் அடிப்படை: உரத்த ஓர் ஒலி எழும்போது, அதை ஒட்டிய சுருதியில் உள்ள மெல்லிய ஒலி காதில் விழுவதில்லை. அப்படிக் கேட்காத ஒலிகளுக்கு இடம் ஒதுக்காமல் விட்டால் கோப்பு சிறுத்துவிடும். 128 கிலோபிட் வேகத்தில் சுருக்கிய எம்பி3, சிடி ஒலியில் பதினொன்றில் ஒரு பங்கு இடத்தையே எடுக்கும். மேலே சொன்ன 53 எம்பி பாட்டு 5 எம்பிக்குள் அடங்கிவிடும்.

இந்தக் கோப்புகளை அப்படியே நகலெடுப்பதுதான் டேட்டா சிடி. ஒரு தட்டில் சுமார் 140 பாடல்கள், பன்னிரண்டு மணி நேர இசை அடங்கும். ஆனால் அதை இயக்கும் கருவிக்கு எம்பி3யை விரித்துப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். முகப்பில் 'எம்பி3' என்று பொறித்த கார் பிளேயர்களும் டிவிடி பிளேயர்களும் படிக்கும். 1980களின் சிடி பிளேயர் படிக்காது.

ஆடியோ சிடியைத் தேர்ந்தெடுத்தால் மென்பொருள் ஒவ்வொரு எம்பி3யையும் விரித்து, முழு அளவு எண்களாக்கித் தட்டில் எழுதும். அங்கே கோப்பு எத்தனை எம்பி என்பது கணக்கில் வராது. பாட்டு எத்தனை நிமிடம் என்பது மட்டுமே கணக்கு. ஐந்து நிமிடப் பாட்டானால் பதினாறோடு 80 நிமிடம் நிறைந்துவிடும். சுருக்கும்போது விட்டுப்போன ஒலி, விரிக்கும்போது திரும்பி வருவதுமில்லை. ஆகவே தரம் வேண்டுவோர் 256 அல்லது 320 கிலோபிட் கோப்புகளையோ, இழப்பின்றிச் சுருக்கும் ஃப்ளாக் கோப்புகளையோ மூலமாகக் கொள்வது நல்லது.

பிளாங்க் சிடியின் உள்ளே

கடையில் வாங்கும் இசை சிடி, ஆலையில் அச்சில் அழுத்தி வார்க்கப்பட்டது. அதன் நுண்ணிய குழிகளிலிருந்து திரும்பும் லேசர் ஒளியின் ஏற்ற இறக்கமே எண்களாகப் படிக்கப்படுகிறது. வீட்டில் குழி அழுத்த முடியாது. அதற்கு மாற்றாக வந்தது சிடி-ஆர். ஜப்பானின் தையோ யூடன் நிறுவனம் 1980களின் இறுதியில் இதை உருவாக்கியது. இதன் பிளாஸ்டிக் தட்டில் சுருள் வடிவத் தடம் முன்கூட்டியே இருக்கும். அதன்மேல் ஒரு சாயப் படலம், அதற்கு மேல் ஒளியைத் திருப்பும் உலோகப் படலம், கடைசியாகப் பாதுகாப்புப் பூச்சு. ரைட்டரின் லேசர் சாயத்தைச் சூடாக்கும் இடங்களில் அதன் தன்மை மாறி, அங்கிருந்து ஒளி குறைவாகத் திரும்பும். பிளேயர் அதைக் குழி என்றே எடுத்துக்கொள்கிறது. மாறிய சாயம் பழைய நிலைக்குத் திரும்பாது. எனவே எழுதிய இடத்தில் மறுபடி எழுத முடியாது.

அழித்து எழுதக்கூடிய சிடி-ஆர்டபிள்யூவில் சாயத்துக்குப் பதில் உலோகக் கலவை இருக்கிறது. அது ஒளியைத் திருப்புவது குறைவு என்பதால் பழைய பிளேயர்கள் பல அதைப் படிக்கத் திணறும். பாட்டுக்குச் சிடி-ஆரே பொருத்தம்.

எந்தப் பாடல்களைப் பதியலாம்

விலை கொடுத்து இறக்கிய எம்பி3, ஏஏசி, ஃப்ளாக் கோப்புகளுக்கு நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு இல்லையென்றால் பதியத் தடையில்லை. ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடை 2003இல் தொடங்கியபோது பாடல்களுக்குப் பூட்டு இருந்தும் சிடியில் பதிய இடம் தந்தது. 2009இல் அந்தப் பூட்டையே எடுத்துவிட்டது. ஆனால் சந்தா கட்டிக் கேட்கும் செயலிகளில் 'டவுன்லோடு' செய்யும் பாடல்கள் வேறு வகை. அவை அந்தச் செயலிக்குள் மட்டுமே திறக்கும், சிடிக்குப் போகா.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 52ஆம் பிரிவு, சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலுக்கு இடமளிக்கிறது. நகலெடுத்து விற்பது குற்றம். பாடலை எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், தயாரித்தவர் எல்லோருடைய உழைப்பும் அதில் இருக்கிறது.

பதியும் முறை

விண்டோஸ் மீடியா பிளேயர், மேக் கணினியின் மியூசிக் செயலி, லினக்ஸில் கே3பி போன்றவை இந்த வேலையைச் செய்யும். முதலில் பாடல்களை வேண்டிய வரிசையில் பட்டியலிட வேண்டும். ஆடியோ சிடியா டேட்டா சிடியா என்பதைத் தேர்ந்தெடுத்து, ஆடியோ சிடியானால் மொத்த நேரம் 80 நிமிடத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெவ்வேறு இடங்களில் இறக்கிய பாடல்கள் ஒன்று உரத்தும் ஒன்று மெல்லவும் ஒலிக்கலாம். ஒலியளவைச் சமன்செய்யும் வசதி இருந்தால் அதை இயக்கிக்கொள்ளலாம்.

வழக்கமாகப் பாட்டுக்குப் பாட்டு இரண்டு நொடி இடைவெளி விழும். திரைப்பாடல்களுக்கு அது சரி. ஆலாபனையும் கீர்த்தனையும் தனித்தனி டிராக்குகளாகத் தொடரும் கச்சேரிப் பதிவில் அது நடுவில் அறுத்தது போலாகிவிடும். அப்போது இடைவெளியைப் பூஜ்யமாக்கி, தட்டு முழுவதையும் ஒரே மூச்சில் எழுதும் 'டிஸ்க் அட் ஒன்ஸ்' முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வேகத்தில் 1எக்ஸ் என்றால் 80 நிமிட இசையை எழுத 80 நிமிடம். 16எக்ஸில் ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். மலிவான தட்டை உச்ச வேகத்தில் எழுதினால் பிழைகள் கூடலாம் என்பதால் நடுத்தர வேகம் நல்லது. கடைசியில் சிடியை மூடும் 'ஃபைனலைஸ்' முடிந்தால்தான் சாதாரண பிளேயர்கள் அதைப் படிக்கும். அதுவரை தட்டை வெளியே எடுக்கக் கூடாது.

பாதுகாப்பு

சிடியை விளிம்பில் பிடிக்க வேண்டும். எழுத்து அச்சிட்ட மேற்புறம்தான் மென்மையானது. உலோகப் படலம் அதன் மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. பெயர் எழுதப் பால்பாயிண்ட் பேனா ஆகாது. சிடிக்கென்றே விற்கும் மார்க்கர் வேண்டும். காகித லேபிள் ஒட்டினால் சுழலும்போது தட்டு ஆடக்கூடும். துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காமல், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில் துடைக்க வேண்டும்.

வெயிலும் சூடும் சாயத்தைக் கெடுக்கும். கார் டாஷ்போர்டு சிடிக்கு ஆகாத இடம். மூலக் கோப்புகளை ஹார்டு டிஸ்கில் அழிக்காமல் வைத்திருப்பது அவசியம். ஆடியோ சிடியிலிருந்து பாட்டைத் திரும்ப எடுத்து மறுபடி எம்பி3 ஆக்கினால் ஒலி இரண்டாம் முறையும் தேயும். மூலம் கையில் இருந்தால், தட்டு பழுதாகும் நாளில் அதே தரத்தில் இன்னொன்றைப் பதிந்துகொள்ளலாம்.