மோட்டார் ஷட்டர் வாங்கப் போகிறீர்களா?

ஆட்டோ நிறுத்த ஒரு கொட்டகை. வீட்டின் முன்னால் ஒரு சின்னக் கடை. கார் நிறுத்தும் அறை. இவற்றுக்கெல்லாம் இன்று இரும்பு ஷட்டர் போடுகிறார்கள். தில்லியில் போனாலும் இதுதான். மும்பையில் போனாலும் இதுதான்.

முன்பெல்லாம் ஷட்டரைக் கையால் தூக்கினோம். இப்போது பலர் மோட்டார் வைக்கிறார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் ஷட்டர் ஏறும். இன்னொரு பொத்தானை அழுத்தினால் இறங்கும். வயதானவர்களுக்கு இது பெரிய உதவி. இடுப்பு வலி உள்ளவர்களுக்கும் உதவி. ஆனால் ஷட்டர் என்பது தலைக்கு மேல் தொங்கும் இரும்பு. பார்த்து வாங்க வேண்டும்.

எல்லோருக்கும் மோட்டார் தேவையா? என்னைக் கேட்டால் தேவையில்லை. ஏழெட்டு அடி அகலமுள்ள கடைக்குக் கையால் தூக்கும் ஷட்டரே போதும். அதன் மேலே உருளைக்குள் ஸ்பிரிங் இருக்கிறது. பாதி கனத்துக்கு மேல் அந்த ஸ்பிரிங்கே தாங்கிக்கொள்ளும். ஸ்பிரிங் தளர்ந்தால் ஷட்டர் கனக்கும். உடனே "மோட்டார் போட்டுவிடலாம்" என்கிறார்கள். ஸ்பிரிங்கை மாற்றினாலே பல இடங்களில் வேலை முடிந்துவிடும்.

ஸ்பிரிங் சரியாக இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். ஷட்டரை இடுப்பு உயரம் வரை தூக்குங்கள். ஒதுங்கி நின்று மெதுவாகக் கையை எடுங்கள். அங்கேயே நின்றால் நல்லது. தடதடவென்று இறங்கினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. ஆனால் ஸ்பிரிங்கை நீங்களே கழற்ற வேண்டாம். முறுக்கி வைத்த ஸ்பிரிங் தெறித்தால் கை போய்விடும். அது மிஸ்திரியின் வேலை.

ஷட்டர் எவ்வளவு கனம்?

மோட்டார் வாங்கும் முன் இதைக் கணக்குப் போட வேண்டும். அகலம் 10 அடி. உயரம் 8 அடி. 10ஐ 8ஆல் பெருக்குங்கள். 80 சதுர அடி. கனமான தகட்டில் செய்தால் ஒரு சதுர அடி ஒரு கிலோவுக்குச் சற்று மேல் வரும். அடிப்பட்டையையும் சேர்த்தால் ஏறக்குறைய 100 கிலோ. அதாவது இரண்டு சிமெண்ட் மூட்டை!

மோட்டாரின் மேல் ஒரு சிறிய தகடு ஒட்டியிருக்கும். அதில் 300 கிலோ, 500 கிலோ என்று எழுதியிருக்கும். அந்த மோட்டார் தூக்கக்கூடிய எடை அது. ஷட்டரின் எடையைவிட அது நன்றாகவே கூடுதலாக இருக்க வேண்டும். தகடு இல்லாத மோட்டாரை வாங்காதீர்கள். எண்ணைக் கடைக்காரர் சொல்லிக் கேட்க வேண்டாம். நீங்களே படித்துப் பாருங்கள்.

ஷட்டரின் தகட்டுக்கும் அளவு உண்டு. அரசுக் கட்டடங்களுக்கு 1.25 மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டைக் கேட்கிறார்கள். உலோக ஷட்டருக்கென இந்தியத் தர அளவு ஒன்றும் இருக்கிறது. அதன் எண் ஐ.எஸ். 6248. மெல்லிய தகடு விலை மலிவு. ஒரு வண்டி லேசாக இடித்தாலே வளைந்துவிடும். வளைந்த ஷட்டர் பக்கத்துச் சட்டத்தில் சிக்கும். சிக்கினால் மோட்டார் சூடாகும்.

ஒரு கேள்வி, ஒரு பதில்

மோட்டாரில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில் மோட்டார் நடு உருளையில் இருக்கும். ஸ்பிரிங்கும் கூடவே இருக்கும். இன்னொரு வகையில் மோட்டார் ஒரு பக்கமாக இருக்கும். ஒரு செயின் உருளையைச் சுற்றும். இதில் பெரும்பாலும் ஸ்பிரிங் கிடையாது. முழுக் கனமும் அந்தச் செயினில்தான். கடைக்கார அக்கா ஒருவரும் ஷட்டர் மிஸ்திரியும் பேசுவதைக் கேளுங்கள்.

"தம்பி, இந்தச் செயின் அறுந்தால் என்ன ஆகும்?"

"அறுக்காது அக்கா. நல்ல செயின்."

"அறுந்தால்?"

"ஷட்டர் விழும் அக்கா. அதுக்குத்தான் தனியா ஒரு பிரேக் இருக்கு. உருளை வேகமாச் சுத்தினா அது பிடிச்சுக்கும்."

"அதை ஏன் விலையில் எழுதவில்லை?"

"யாரும் கேக்க மாட்டாங்க. விலை கூடும்ல."

"நான் கேட்கிறேன். எழுதிக்கொடு."

அக்கா கேட்டது சரியான கேள்வி. ஸ்பிரிங் இல்லாத ஷட்டருக்கு இந்தப் பிரேக் கட்டாயம் வேண்டும். வேறு எதில் செலவைக் குறைத்தாலும் இதில் குறைக்காதீர்கள்.

மோட்டாருக்குக் கண் இல்லை

மோட்டாருக்கு ஒன்றுதான் தெரியும். இத்தனை சுற்று சுற்றினால் தரை வரும். அங்கே நிற்க வேண்டும். கீழே ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தால் அதற்குத் தெரியாது. பந்தை எடுக்கக் குழந்தை குனிந்தாலும் தெரியாது. ஷட்டர் இறங்கிக்கொண்டே இருக்கும்.

அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு இப்படி மோட்டார் கதவு உண்டு. கதவின் அடியில் சிக்கிப் பல குழந்தைகள் இறந்தார்கள். அதனால் அங்கே ஒரு சட்டம் வந்தது. 1993 ஜனவரி 1 முதல் செய்யும் வீட்டுக் கதவு மோட்டார்களில், ஆள் சிக்காமல் காக்கும் கருவி இருந்தே ஆக வேண்டும்.

அந்தக் கருவிதான் சென்சார். வாசலின் இரண்டு பக்கமும், தரையிலிருந்து அரை அடி உயரத்துக்குள், இரண்டு சிறு பெட்டிகள் வைப்பார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளி போகும். யாராவது அதை மறைத்தால் இறங்கும் ஷட்டர் நின்றுவிடும். சிலவற்றில் திரும்ப மேலே ஏறும்.

நம் கடைகளில் சென்சாருக்குத் தனி விலை சொல்வதும் உண்டு. "வேண்டாம், வீணாகச் செலவு" என்றும் சொல்வார்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். பொருத்தியதும் சோதித்துப் பாருங்கள். ஒரு அட்டைப் பெட்டியை வாசல் நடுவில் வையுங்கள். ஷட்டரை இறக்குங்கள். பெட்டி நசுங்கினால் மிஸ்திரிக்குப் பணம் தர வேண்டாம். மாதம் ஒரு முறை இதே சோதனையைச் செய்யுங்கள். சென்சார் மேல் தூசி படியும். துணியால் துடைக்க வேண்டும்.

சென்சார் வாங்க வசதி இல்லையா? அப்படியானால் ரிமோட் வேண்டாம். அழுத்திக்கொண்டே இருந்தால் மட்டும் இறங்கும் சுவிட்சைக் கேளுங்கள். கையை எடுத்தால் ஷட்டர் நிற்கும். அந்தச் சுவிட்ச், ஷட்டர் முழுதும் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும்.

கரண்ட் போனால்?

நடுராத்திரி. கடைக்குள் இரண்டு பையன்கள் தூங்குகிறார்கள். ஷட்டர் மூடியிருக்கிறது. உள்ளே தீப்பிடிக்கிறது. கரண்ட் போய்விடுகிறது. அவர்கள் எப்படி வெளியே வருவார்கள்?

இதை வாங்கும்போதே கேட்க வேண்டும். கரண்ட் இல்லாமல் திறக்க ஒரு கைச்சங்கிலியோ இழுக்கும் கயிறோ இருக்கும். அது உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? உள்ளே இருப்பவர் கைக்கு எட்ட வேண்டும். அங்கே தூங்குகிற ஒவ்வொருவரும் அதை ஒரு தடவையாவது இழுத்துப் பார்த்திருக்க வேண்டும். இருட்டில் தேடிக் கற்றுக்கொள்ள முடியாது. ஷட்டரைத் தவிர இன்னொரு வழி இருந்தால் இன்னும் நல்லது. ஆள் உள்ளே தூங்கும்போது வெளியே பூட்டுப் போடுவதை எந்த முதலாளியும் செய்யக் கூடாது. கரண்ட் போனதென்று மூடிய ஷட்டருக்குள் ஜெனரேட்டர் ஓட்டவும் கூடாது. அந்தப் புகையில் மணமில்லாத விஷவாயு இருக்கிறது. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார்.

ஷட்டர் இரும்பு. மழையில் நனையும். வயரில் பழுது வந்தால் ஷட்டரிலேயே கரண்ட் வரும். அதனால் எர்த் வயர் கட்டாயம். கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் சுவிட்ச் ஒன்று உண்டு. 30 மில்லி ஆம்பியர் என்று அதில் எழுதியிருக்கும். அதையும் போடச் சொல்லுங்கள்.

பல வீடுகளில் இந்தப் பொத்தானை அழுத்துவது முதலாளி அல்ல. காவல்காரரும் வேலைக்கார அம்மாவும்தான். மிஸ்திரி வந்து விளக்கும்போது அவர்களும் பக்கத்தில் இருக்க வேண்டும். பூட்டைத் திறக்காமல் பொத்தானை அழுத்தினால் ஷட்டர் வளைந்துவிடும். மோட்டாரும் கெடும். ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவிட்ச் பக்கத்தில் மாட்டுங்கள்: "முதலில் பூட்டு. பிறகு பொத்தான்."

ரிமோட் வாங்கினால், ஒவ்வொரு தடவையும் குறியீடு மாறும் ரிமோட்டாகக் கேளுங்கள். ஒரே குறியீடு உள்ளதை நகல் எடுப்பது எளிது. ரிமோட் தொலைந்தால் மிஸ்திரியை அழைத்து அதன் பதிவை அழிக்க வேண்டும்.

பணம் கொடுத்ததும் ரசீது வாங்குங்கள். மோட்டாரின் எண், தேதி, எத்தனை மாத உத்தரவாதம், பிரேக், சென்சார் எல்லாம் அதில் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். உத்தரவாதக் காலத்தில் கெட்டுப்போய், கடைக்காரர் கைவிரித்தால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அது தேசிய நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுக்கலாம். அங்கே முதலில் கேட்பது அந்த ரசீதைத்தான்.