மின்சாரம் நடக்கும் பாதை

நாம் வாழும் பிரித்தானியாவின் தேசிய மின்வலைப்பின்னல் 1930களில் உருப்பெற்றது. நிலக்கரி மின்நிலையங்களை நகரங்களுடன் இணைக்கவே அதன் பாதைகள் பெரிதும் அமைந்தன. அந்நிலையங்களில் இறுதியானது, நொட்டிங்காம் அருகேயுள்ள ராட்கிளிஃப், 2024 செப்டெம்பர் 30 அன்று மூடப்பட்டது.

இன்று ஸ்கொத்லாந்தின் குன்றுகளிலும் கடலிலும் காற்றாலைகள் சுழல்கின்றன. ஆயினும் அம்மின்சாரத்தைத் தெற்கே கொணர மின்வடங்கள் போதாமையால், காற்று பலமாக வீசும் வேளைகளில் பணங்கொடுத்துச் சில காற்றாலைகளை நிறுத்துகின்றனர். தெற்கில் எரிவாயு நிலையங்களைப் பணங்கொடுத்து இயக்குகின்றனர். இவ்விரட்டைச் செலவு நமது மின்கட்டணத்திலேயே சேர்கின்றது.

வாய்க்கால் இன்றேல் குளம் நிறைந்தும் வயல் காயும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். மின்கோபுரங்கள் நிலத்தின் எழிலைக் கெடுக்குமென அஞ்சும் கிராமத்தவரின் கவலையும் மதிக்கத்தக்கதே. எனினும் மாணவச் செல்வங்களே, பாதையைப் புதுப்பிக்காது தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டிற்கும் விலை கொடுப்பவர் நாமே.