ஆதாரின் பன்னிரண்டாவது இலக்கம்

பான்–ஆதார் இணைப்புக்கு 2025 டிசம்பர் 31 கெடுவாக இருந்தது. 2024 அக்டோபர் 1-க்கு முன், ஆதார் பதிவுச் சீட்டின் எண்ணைக் கொடுத்து பான் வாங்கியவர்களுக்கு மட்டுமே இது. சித்தூர், திருப்பதி வாசகர்களின் கடிதங்களில் குழப்பம் வேறு இடத்தில். சீட்டிலுள்ள 28 இலக்கத்தையே ஆதார் என்று நினைத்தவர்கள் ஒருபுறம். 12 இலக்கமும் அடித்த மறுநொடியே ‘தவறான எண்’ என்று திரை எப்படிச் சொல்கிறது என்று கேட்பவர்கள் மறுபுறம்.

யாரையும் கேட்காமலே சொல்ல முடியும். ஆதார் சீரற்ற எண் என்கிறது அதை வழங்கும் ஆணையம். முதல் 11 இலக்கம்வரை சரி; கடைசி இலக்கம் முழுக்க முன்னவற்றிலிருந்து கணக்கிட்டு ஒட்டுவது. நெதர்லாந்துக் கணிதவியலர் யாகோபுஸ் வெர்ஹூஃப் 1969-ல் தந்த முறை அது.

ஒரு இலக்கம் தவறுவதும், அடுத்தடுத்த இரண்டு இடம் மாறுவதும்தான் கை செய்யும் வழக்கமான பிழைகள். வங்கி அட்டைகளின் லூன் முறை, 09-ஐ 90 என்று அடித்தால் கோட்டை விட்டுவிடும். வெர்ஹூஃப் முறை இரண்டு வகைப் பிழையையும் ஒன்றுவிடாமல் பிடிக்கும்.

சூட்சுமம் இதுதான். 1+5, 5+1 இரண்டும் ஒன்று என்பதால் சாதாரணக் கூட்டலுக்கு இடமாற்றம் தெரியாது. வெர்ஹூஃப் கூட்டலையே மாற்றினார். ஐங்கோணமாக ஓர் அட்டையை வெட்டிக்கொள்ளுங்கள். 0 என்றால் தொடாதே. 1 முதல் 4 வரை, அத்தனை மூலை சுழற்று. 5 முதல் 9 வரை, புரட்டிப்போடும் ஐந்து விதங்கள். சுழற்றிப் புரட்டினால் வரும் நிலை, புரட்டிச் சுழற்றினால் வராது. அவருடைய அட்டவணையில் 1-உடன் 5 சேர்ந்தால் 6. 5-உடன் 1 சேர்ந்தால் 9! இலக்கம் நிற்கும் இடத்தைப் பொறுத்து அதை வேறொன்றாக மாற்றும் இன்னொரு அட்டவணையும் உண்டு. எல்லாம் சேர்ந்து 0 வந்தால் எண் தேறும். 236-க்கு ஒட்டவேண்டியது 3. ஆகவே 2363 தேறும், 3263 தேறாது.

ஆனால் ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற சொல்லை அளந்தே நம்ப வேண்டும். இந்தக் கணக்கு கைதவறைப் பிடிக்கும், பொய்யைப் பிடிக்காது. வாய்க்கு வந்த 12 இலக்க எண்களில் பத்தில் ஒன்று தேறிவிடும். 0, 1-ல் ஆதார் தொடங்குவதில்லை என்பதால் சாத்தியமான எண்கள் 8,000 கோடி; வழங்கப்பட்டவை 140 கோடிக்குச் சற்று மேல். தேறும் எண்களில் ஐம்பதுக்கு ஒன்றுக்குக்கூட ஆள் கிடையாது. ஆள் உண்டா என்பதை ஆணையத்தின் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும். உதாரணமாக, திருப்பதியில் ஸ்ரீநிவாசம், விஷ்ணு நிவாசம் ஆகிய பக்தர் விடுதிகளில் இலவச தரிசன டோக்கனுக்கு ஆதார் கேட்கிறார்கள். 2024 ஆகஸ்ட் முதல், டோக்கன் இல்லாதவருக்கு லட்டு வேண்டுமானாலும் ஆதார்தான். ‘ஆதார் கட்டாயம்’ என்ற அறிவிப்பை மட்டும் படித்தால், எண்ணைக் குறித்துக்கொள்கிறார்களா, ஆளை ஒப்பிடுகிறார்களா என்பது விளங்காது.

கடிதங்களிலிருந்து இன்னும் சில கேள்விகள். 2022 ஏப்ரல் 4-ல் திருப்பதி தனி மாவட்டமானதே, எண் மாறுமா? மாறாது, எண்ணில் ஊர் இல்லை.

ஆதாருக்குப் பதிலாகத் தரக்கூடிய 16 இலக்க மெய்நிகர் எண்ணுக்கும் இதே கணக்கா? ஆம்.

கூட்டினால் 9 வரும் ராசி எண் கேட்டு வாங்கலாமா? முடியாது.

பான் இணைப்புக் கெடு தவறியவர்களுக்கு? 2026 ஜனவரி 1 முதல் பான் செயலிழக்கும் என்பதே விதி.