ஓடும் பொறியில் உறுப்புச் சேர்த்தல்

கணினியின் நினைவகம் போதாதவிடத்து அதனை நிறுத்திப் புதிய நினைவகத்தைச் செருகி மீள இயக்குதலே யாவரும் அறிந்த முறை. பாடசாலைக் கணினிக்கு இஃது அமையும். நோயாளர் பதிவுகளையோ வங்கிக் கணக்குகளையோ இரவும் பகலும் தாங்கி நிற்கும் பெருங்கணினிக்கு அமையாது. ஆதலின், இயக்கத்தை நிறுத்தாமலே உறுப்புகளைச் சேர்க்கும் வழி வகுக்கப்பட்டது. விண்டோஸ் சேர்வர் 2003 இன் உயர் பதிப்புகள் நினைவகத்தை இவ்வாறு ஏற்றன. 2008 இன் டேட்டாசென்டர் பதிப்பு முறைவழியாக்கியையும் ஏற்றது. லினக்ஸும் இவ்விரண்டையும் ஏற்கும்.

எனினும், செருகுதல் எளிது. செருகியதை முறைமைக்கு உணர்த்துதலே அரிது. பெருங்கணினி பல கணுக்களால் ஆனது. ஒவ்வொரு கணுவிலும் சில முறைவழியாக்கிகளும் அவற்றை அடுத்து ஒரு பகுதி நினைவகமும் உள. கல்முனையை அடுத்த மருதமுனையில், நெசவாளர் தறியருகே கிடக்கும் நூலைக் கைநீட்டி எடுப்பதும் அடுத்த தெருவிலிருந்து வருவிப்பதும் ஒன்றாகா. நூல் ஒன்றே, செல்லும் நேரமே வேறு. அவ்வாறே முறைவழியாக்கியும் தன் கணுவின் நினைவகத்தை விரைந்தும் பிற கணுவினதைத் தாமதித்தும் அடைகின்றது. எனவே, வந்த நினைவகம் எவ்வளவு என்பதோடு, எக்கணுவுக்கு அண்மையது என்பதையும் பணிசெயல் முறைமை அறிதல் வேண்டும்.

விண்டோஸ் முறைமையில் இதற்கென ஓர் அட்டவணை, கணினி தொடங்கும்பொழுதே அதன் நிலைபொருளால் வழங்கப்படுகின்றது. பின்னர் வரக்கூடிய நினைவகத்துக்குரிய முகவரி வெளியும் அதிலேயே குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். லினக்ஸில் முறைவழியாக்கிகளின் உச்ச எண்ணிக்கையும் தொடக்கத்திலேயே வரையறுக்கப்படுகின்றது. ஓடும்போது சேர்ப்பதெனினும், அதற்கான இடம் ஓடத் தொடங்குமுன்னரே விடப்பட்டிருத்தல் வேண்டும் என்பது இதன் பொருள்.

இதனினும் நுட்பமானது கணக்கேடு பற்றிய செய்தி. லினக்ஸ் நினைவகத்தை 4,096 பைற்று அளவான பக்கங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏறத்தாழ 64 பைற்று அளவில் ஒரு குறிப்பை வைத்திருக்கும். 64 கிகாபைற்று நினைவகம் புதிதாகச் சேர்ந்தால் அதன் கணக்கை எழுத மட்டும் 1 கிகாபைற்று வேண்டும். அந்த இடம் எங்கிருந்து வரும்? வழக்கமாகப் பழைய நினைவகத்திலிருந்தே. பழையது முற்றும் நிரம்பியிருப்பின், பற்றாக்குறையைத் தீர்க்க வந்த நினைவகத்தையே ஏற்க இயலாது போகலாம். நெருக்கடி முற்றியபின் சேர்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கும் நிருவாகி கவனிக்க வேண்டிய இடம் இதுவே. அதற்குள் முறைமை தன்னைக் காக்கச் சில செயல்களை வலிந்து நிறுத்திவிடவும் கூடும். அங்ஙனம் நிறுத்தப்பட்டது மருத்துவமனையின் மருந்துப் பதிவாகவும் இருக்கலாம். 2021 இல் வெளிவந்த 5.13 ஆம் லினக்ஸ் பதிப்பு, புதிய நினைவகத்தின் ஒரு பகுதியிலேயே அதன் கணக்கை எழுதும் வழியைத் தந்தது. அது தானாக நிகழ்வதன்று. நிருவாகி முன்னரே தெரிந்து அமைத்தல் வேண்டும்.

மெய்நிகர் பொறிகளில் வேறொரு விலை உண்டு. விஎம்வெயர் நிறுவனத்தின் வீஸ்பியர் மென்பொருளில், 2022 இல் வந்த 8 ஆம் பதிப்புக்கு முன்னர், முறைவழியாக்கியை ஓடும்போதே சேர்க்க இசைவளித்தால் கணு அமைப்பு அப்பொறிக்குப் புலப்படாது மறைந்துவிடும். பெரிய தரவுத்தளங்கள் அதனால் வேகம் குன்றும். என்றேனும் தேவைப்படலாம் என்று வைத்த வசதிக்கு நாள்தோறும் வட்டி கட்டுவது போன்றது இது.

சேர்த்ததை மீளப் பிரித்தல் இன்னும் கடினம். பயனர் செய்நிரல்களின் பக்கங்களைப் பெரும்பாலும் வேறிடம் பெயர்க்கலாம்; முறைமையின் உட்கரு தனக்கென வைத்துள்ள பக்கங்களுட் பலவற்றைப் பெயர்த்தல் இயலாது. அத்தகைய ஒரு பக்கம் இடையே கிடப்பினும் அந்நினைவகத் தொகுதி முழுவதும் அகலாது. ஆதலின், பின்னர் கழற்ற வேண்டியதைச் சேர்க்கும்போதே பெயர்க்கத்தகு பக்கங்களுக்கென ஒதுக்குவர். அவ்வாறு ஒதுக்கியது மிகுந்தால், வெற்றிடம் ஏராளமாய்க் கிடக்கவும் உட்கரு தன் தேவைக்கு இடமின்றித் தவிக்கும்.