திருத்துவது யார்?

1906-ஆம் ஆண்டு வாக்கில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துக் கால்வர்ட் பள்ளி தன் வகுப்பறையைப் பெட்டியில் கட்டி அஞ்சலில் அனுப்பத் தொடங்கியது. அப்போதைய தலைமையாசிரியர் வர்ஜில் ஹில்யர். பெட்டிக்குள் ஓராண்டுக்கான பாடநூல்கள், தாள்கள், பென்சில், அழிப்பான் எல்லாம் இருக்கும். தாய்க்கென்று ஒரு கையேடும் இருக்கும். இன்று எந்தப் பாடம், அதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று நாள்வாரியாக அதில் எழுதியிருப்பார்கள். மறைப்பணியாளர்களும் தூதரகக் குடும்பங்களும், பக்கத்தில் பள்ளியே இல்லாத பண்ணைக்காரர்களும் அதை வாங்கினார்கள்.

கூடுதலாகக் கட்டணம் கட்டினால் இன்னொரு வசதியும் கிடைத்தது. ஏறக்குறைய 20 பாடங்களுக்கு ஒருமுறை பிள்ளை தேர்வு எழுத, தாள் பால்டிமோருக்குப் போகும். அங்கே அந்தப் பிள்ளைக்கென்று ஒதுக்கப்பட்ட ஆசிரியர் திருத்தி, குறிப்பெழுதித் திருப்பி அனுப்புவார். வெளிநாட்டுக்குக் கப்பலில் போய்வரும் தாளுக்கு மாதக்கணக்கு ஆகும். தாள் வீடு வந்து சேர்வதற்குள் பிள்ளை அந்தப் பாடத்தை மறந்து அடுத்ததற்குப் போயிருக்கும். தவற்றை உடனுக்குடன் திருத்த அந்த ஏற்பாடு உதவியிருக்காது. ஆனால் பிள்ளையின் எழுத்தைத் தாயைத் தவிர இன்னொருவர் முழுதாகப் படித்தார் என்பதற்கு அந்தத் தாளே சாட்சி.

கால்வர்ட் எட்டாம் வகுப்போடு நின்றுவிடும். அதற்குமேல், பதின்ம வயதுக்கு, வழிகள் குறைவு. அமெரிக்கன் ஸ்கூல் 1897 முதல் அஞ்சலில் நடந்துவந்தது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் 1929-இல் உயர்நிலைப் பள்ளிப் பாடங்களை அஞ்சலில் அனுப்பத் தொடங்கியது. அந்த மாநிலத்துச் சிற்றூர்ப் பள்ளிகளில் ஓரிரு ஆசிரியர்களே இருந்தார்கள். லத்தீனுக்கும் உயர்கணிதத்துக்கும் ஆள் கிடையாது. ஊர்ப் பெரியவர் ஒருவர் மேற்பார்வையாளராக உட்கார, மாணவர் அவர் முன்னிலையில் தேர்வெழுத வேண்டும். உறவினர் மேற்பார்வையாளராக முடியாது. அந்தப் பள்ளி இன்றும் இணையவழியில் நடக்கிறது.

இவையெல்லாம் பள்ளி எட்டாத இடத்துக்கான ஏற்பாடுகள். பள்ளி வேண்டாம் என்று தாமே விலகியவர்களின் கதை பின்னால் வருகிறது. கல்வி எழுத்தாளர் ஜான் ஹோல்ட் 1977-இல் வீட்டுக்கல்விக் குடும்பங்களுக்கென்றே ஓர் இதழ் தொடங்கியபோது, பல மாநிலங்களில் பிள்ளையை வீட்டில் படிக்கவைப்பது சட்டத்தோடு மல்லுக்கட்டும் வேலை. ஐம்பது மாநிலங்களிலும் தடை நீங்க 1993 ஆயிற்று. கலிபோர்னியாவின் மென்டோசினோ மலைப்பகுதியில் ஆடு வளர்த்தபடி வீட்டிலேயே படித்த கிராண்ட் கோல்பாக்ஸுக்கு 1983-இல் ஹார்வர்டில் இடம் கிடைத்தது நாடு முழுக்கச் செய்தியானது. இன்று வீட்டில் படித்தவர் ஹார்வர்டுக்குப் போனால் அந்தத் தெருவில்கூடச் செய்தி இல்லை.

எண்ணிக்கை அப்படி மாறிவிட்டது. அமெரிக்கக் கல்வித்துறையின் கணக்கில் 1999-இல் வீட்டில் படித்தவர்கள் சுமார் 8.5 லட்சம் பேர். 2016-இல் ஏறக்குறைய 17 லட்சம். பெருந்தொற்று ஆண்டான 2020-இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை விசாரித்தபோது, பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் வீட்டுக்கல்வியைக் கைக்கொண்டவை வசந்தத்தில் 5.4 சதவீதம், இலையுதிர்காலத்தில் 11.1 சதவீதம்.

பாடமும் அதே வேகத்தில் பெருகியது. 1997-இல் புளோரிடா மாநிலம் இணையவழிப் பள்ளி தொடங்கியது. 2006-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் தன் இணைய உயர்நிலைப் பள்ளியைத் திறந்தது. அங்கே நேரலையில் கலந்துரையாடல், வெளியே போட்டி போட்டுக்கொண்டு விண்ணப்பம். அதே காலத்தில் சல்மான் கான் தன் உறவினர் பிள்ளைகளுக்காக யூடியூபில் ஏற்றத் தொடங்கிய கணிதக் காணொளிகள் கான் அகாடமியாக வளர்ந்து, உலகுக்கே இலவசமாயின. ஒரு பெட்டிக்காக அஞ்சல்காரரை எதிர்பார்த்திருந்த வீட்டில் இன்று கால்குலஸுக்கு மட்டும் பத்து வழிகள் இருக்கின்றன. கணிதத்துக்கு ஓர் இடம், வேதியியலுக்கு வேறொன்று, வரலாறு அம்மாவிடம், பதினோராம் வகுப்பிலிருந்து பக்கத்துச் சமுதாயக் கல்லூரியில் இரண்டு பாடம் என்று பதினைந்து வயதுப் பிள்ளையின் வாரம் துண்டுதுண்டாகத் தைக்கப்படுகிறது. வாஷிங்டன் மாநிலத்தில் 1990-இல் வந்த சட்டத்தின்படி அந்தக் கல்லூரிப் பாடங்களுக்குப் பயிற்சிக் கட்டணமே கிடையாது. வீட்டில் படிப்பவர்களும் சேரலாம்.

அன்று பெற்றோர் முன்னிருந்த கேள்வி, பாடம் எங்கே கிடைக்கும் என்பது. இன்று பாடத்தைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. பிள்ளை எழுதியதைப் படிப்பவர் யார் என்பதுதான் கேள்வி. அதற்கான விடை விளம்பரப் பக்கத்தில் எளிதில் அகப்படாது.

மலிவான இணையப் பாடங்கள் பலவற்றில் பலவிடைத் தேர்வை மென்பொருளே திருத்திவிடுகிறது. விடையை அழுத்திய நொடியில் மதிப்பெண் வந்து விழும். கணிதத்துக்கு இது பெரிய வரம். தவறான வழியில் நாற்பது கணக்குப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்த பழைய மாணவரைக் கேட்டால் அதன் அருமை தெரியும். கட்டுரைக்கு வந்தால்தான் சிக்கல். ‘கருத்து 4/4, சான்று 3/4, மொழி 3/4’ என்று கட்டம் போட்ட அட்டவணை ஒன்று திரும்பி வருகிறது. அந்த ஒரு மதிப்பெண் எந்தப் பத்தியில் போனது என்று பிள்ளை தேடிக்கொண்டிருக்கும். ‘இரண்டாம் பத்தியில் நீ சொன்னதை நான்காம் பத்தியில் நீயே மறுத்துவிட்டாயே, எதை நம்புகிறாய்?’ என்று ஓரத்தில் எழுதும் ஆள் வேண்டுமென்றால், அதற்குத் தனியாகப் பணம் கட்டவேண்டும். வீட்டில் அம்மா பாடம் நடத்த, கட்டுரையை மட்டும் வாங்கித் திருத்தித் தருவதற்கென்றே ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் சிறு நிறுவனங்களும் உண்டு. முன்பு பெட்டியோடு இணைப்பாக வந்த வேலை இன்று தனித் தொழில்.

வெர்ஜீனியாவில் 1980-இல் தொடங்கிய சீட்டன் போன்ற அஞ்சல்வழி மரபுப் பள்ளிகள் இடைவழி ஒன்றை வைத்திருக்கின்றன: சில பயிற்சிகளைப் பெற்றோர் திருத்துவார்கள், குறிப்பிட்ட தேர்வுகளும் கட்டுரைகளும் பள்ளிக்குப் போகும். தாளின் பயணம்தான் மாறிவிட்டது. அன்று தபால்தலை, இன்று கைப்பேசியில் படமெடுத்து ஏற்றம்.

வெளியாள் திருத்தியதற்கு இவ்வளவு மதிப்பு ஏன்? வீட்டில் அம்மா போட்ட மதிப்பெண் என்றால் சேர்க்கை அலுவலர்கள் அரைக்கண்ணால் பார்ப்பார்கள் என்ற அச்சம் இந்தக் குடும்பங்களில் பழையது. முழுக்க ஆதாரமற்றதும் அல்ல. அதனால் 1980-களில் பெற்றோர் எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத்தேர்வின் மதிப்பெண்ணையே பிடித்துக்கொண்டார்கள். இன்று கண்ணிகள் அதிகம். ஒரு பாடத்துக்கு ஏபி (கல்லூரித் தரப் பாடம்) என்று பெயர் வைக்க 2007 முதல், எஸ்ஏடி தேர்வை நடத்தும் கல்லூரி வாரியத்தின் தணிக்கையில் பாடத்திட்டம் தேறவேண்டும், பெற்றோரும் விண்ணப்பிக்கலாம். கலிபோர்னியா பல்கலைக்கழகம் கேட்கும் 15 பாடங்களில் சேரவேண்டுமானால், இணையப் பாடம் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் பட்டியலில் இருக்கவேண்டும். கல்லூரி விளையாட்டு உதவித்தொகை வேண்டுமா? ஆசிரியர் மாணவரோடு தொடர்ந்து பேசும் பாடங்களே செல்லும் என்று கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ 2010-இல் விதியை இறுக்கியது. தாளை அனுப்பித் தாளை வாங்கிய பழைய பாணிப் பாடங்கள் சில அதில் அடிபட்டன. பள்ளிகளுக்கு ஒன்றிய அரசின் அங்கீகாரம் என்று ஒன்று கிடையாது. காக்னியா, மிடில் ஸ்டேட்ஸ் போன்ற தனி அமைப்புகள்தான் தருகின்றன. தனக்குத் தானே அமைப்பு வைத்துத் தனக்கே அங்கீகாரம் வழங்கிக்கொள்ளும் சான்றிதழ்க் கடைகளும் நடுவே உண்டு.

இந்தச் சந்தைக்குள் நுழையும் பெற்றோருக்கு நான் ஒன்றைத்தான் கேட்கச் சொல்வேன்: ‘போன ஆண்டு நீங்கள் திருத்திய கட்டுரை ஒன்றைப் பெயர் நீக்கிக் காட்டுங்கள்.’ காட்டுபவர்களிடம் மற்றவற்றைக் கேட்கலாம்: திருத்துபவர் அந்தப் பாடம் படித்தவரா, எத்தனை நாளில் திரும்பும், மறுபடி எழுதி அனுப்பினால் மறுபடி படிப்பாரா. இந்தக் கடைசிக் கேள்வியில் பாதிப்பேர் கழிந்துவிடுவார்கள் என்பது என் ஊகம்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் இன்னொரு திருப்பம். அன்று திருத்துபவருக்கு இருந்த ஐயம், அம்மா எழுதிக் கொடுத்திருப்பாரோ என்பது. அதற்காகத்தான் நெப்ராஸ்காவில் உறவினரல்லாத மேற்பார்வையாளர். இன்றைய ஐயத்துக்கு முகமே இல்லை. மறுபக்கம், திருத்தும் வேலையையும் இயந்திரத்திடம் விடலாம் என்றாகிவிட்டது. இயந்திரம் எழுதியதை இயந்திரம் திருத்த, நடுவில் கட்டணம் மட்டும் மனிதர் கட்டும் நிலை வேடிக்கைக்குச் சொல்வதல்ல. இதற்கு எதிராகச் சில ஆசிரியர்கள் மிகப் பழைய வழிக்குத் திரும்பியிருக்கிறார்கள்: கட்டுரையை எழுதியவரைத் திரைக்கு அழைத்துப் பத்து நிமிடம் கேள்வி கேட்பது.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் விண்ணப்பத்தோடு, பள்ளிப் பாடத்துக்காக எழுதித் திருத்தப்பட்ட கட்டுரை ஒன்றையும் அனுப்பச் சொல்கிறது. ஆசிரியரின் மதிப்பெண்ணும் குறிப்புகளும் இருந்தால் நல்லது என்கிறது. நான்கு ஆண்டும் மென்பொருள் திருத்திய பாடங்களையே சேர்த்து வைத்த வீட்டில், மதிப்பெண் பட்டியல் குறையில்லாமல் இருந்தும், அந்த உறையில் வைக்க ஒரு தாள் இருப்பதில்லை.