ஒரு சேலைக்கு 17 கிலோ மீட்டர் நூல்! ஆரணி வீடுகளில் சுழலும் கைராட்டை

கல்யாணம் என்றால் பட்டுச்சேலை. பட்டுச்சேலை என்றால் காஞ்சீபுரத்துக்கு அடுத்தபடி ஆரணி!

முன்பு வட ஆற்காடு மாவட்டம். 1989-ல் இருந்து திருவண்ணாமலை மாவட்டம். மாவட்டத்தின் பெயர் மாறினாலும் ஊரின் தொழில் மாறவில்லை. அரிசியும் பட்டும்தான் ஆரணிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை. ஆரணிப் பட்டுக்கு புவிசார் குறியீடும் உண்டு. ஊரைச் சுற்றி சேவூர், தேவிகாபுரம் பக்கம் போனாலும் தறிச் சத்தம் கேட்கும்.

தறியில் உட்கார்ந்து நெய்கிறவரை எல்லோருக்கும் தெரியும். அவருக்குப் பக்கத்தில், நடையிலோ திண்ணையிலோ உட்கார்ந்து ராட்டை சுற்றும் பெண்ணைப் பற்றி யாரும் பேசுவது இல்லை.

ஆனால் அந்த ராட்டை நின்றால் தறியும் நின்றுவிடும்!

தார் சுற்றுவது எப்படி?

சேலையில் நீளவாக்கில் ஓடுவது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. ஊடை நூலைச் சுமந்து இப்படியும் அப்படியும் ஓடுவது நாடா. நாடாவுக்குள் வைக்கும் சின்னக் குச்சியில் நூல் சுற்றி இருக்கும். அதற்குப் பெயர்தான் தார்.

சாயம் போட்ட பட்டு, சிட்டம் சிட்டமாக வீட்டுக்கு வரும். அதைச் சுழலும் கூட்டில் மாட்டி, நுனியைத் தேடி எடுத்து, ராட்டையில் செருகிய குச்சியில் கட்டவேண்டும். பிறகு வலது கை சக்கரத்தைச் சுற்றும். இடது கை விரல்கள் நூலைப் பிடித்து வழி விடும்.

பல வீடுகளில் ராட்டைச் சக்கரம் என்பது பழைய சைக்கிள் ரிம்தான்! ரிம்மில் இருந்து கதிருக்கு ஒரு கயிறு ஓடும். சக்கரம் 20 அங்குலம், கதிரில் கயிறு ஓடும் இடம் 1 அங்குலம் என்றால், கை ஒரு சுற்று சுற்றினால் குச்சி 20 சுற்று சுற்றும்.

விரலில்தான் சூட்சுமம்

பார்க்கச் சுலபமாகத் தெரியும். உட்கார்ந்து பார்த்தால்தான் கஷ்டம் புரியும்.

தார் தொளதொள என்று இருந்தால் நாடாவுக்குள் நூல் சரிந்து சிக்கிக்கொள்ளும். சுற்றும்போது ரொம்ப இழுத்துப் பிடித்தால் மெல்லிய நூல் பட்டென்று அறும். தார் ஒரே சீராக இருந்தால்தான் நெய்கிறவர் கை தடையில்லாமல் ஓடும்.

சாயத்துக்கு முன்னால் பட்டைக் காய்ச்சிப் பிசினை எடுத்துவிடுகிறார்கள். எடையில் சுமார் நாலில் ஒரு பங்கு போய்விடும். மிஞ்சுவது பூப்போல மிருதுவான நூல். சீக்கிரம் சிக்கு விழும். அவசரப்பட்டு அறுத்தால் நஷ்டம். ஏன் என்றால், முதலாளி எடை போட்டுக் கொடுத்த பட்டுக்கு எடை போட்டுத்தான் கணக்கு!

எவ்வளவு நூல்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சேலை 6 மீட்டர் நீளம், அகலம் 48 அங்குலம். அங்குலத்துக்கு 60 ஊடை என்று வைத்துக்கொண்டால், நாடா 14 ஆயிரம் தடவைக்கு மேல் குறுக்கே ஓடவேண்டும். ஒரு ஓட்டத்துக்கு சுமார் 1.2 மீட்டர் நூல். மொத்தம் 17 கிலோ மீட்டர்!

இத்தனையும் அந்தப் பெண்ணின் இரண்டு விரல்களுக்கு நடுவே ஓடி வந்த நூல். அதற்கு நடுவில்தான் சமையல், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புவது எல்லாம். அடுப்படியில் இருக்கும்போதே "தாரு ஆயிடுச்சா?" என்று தறியில் இருந்து குரல் வரும். கரண்டியைப் போட்டுவிட்டு ஓடவேண்டும்.

கூலி யாருக்கு?

கூலி சேலைக்கு இவ்வளவு என்றுதான் பேசப்படுகிறது. வெளி ஆள் வந்து சுற்றினால் தனிக் காசு உண்டு. வீட்டுப் பெண் சுற்றினால்? பெரும்பாலும் அது நெய்கிறவர் கூலியிலேயே அடங்கிவிடும். தோள் வலியும் முதுகு வலியும் மட்டும் அவர் பங்கு.

மோட்டார் வைத்த ராட்டையும் வந்துவிட்டது. கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தை, தமிழக அரசு 2023-ல் 300 யூனிட்டாக உயர்த்தியது. சின்ன மோட்டாருக்குக் கரண்டு செலவை நினைத்துப் பயப்படத் தேவை இல்லை. ஆனாலும் பல வீடுகளில் கைராட்டையை விடவில்லை. நூல் சிக்கப்போவது விரலுக்கு முன்கூட்டியே தெரியும். மோட்டாருக்குத் தெரியுமா?

2019-20 அகில இந்திய கைத்தறிக் கணக்கெடுப்பில் 35 லட்சத்து 22 ஆயிரம் பேர் இந்தத் தொழிலில் இருப்பதாகத் தெரிந்தது. நெசவாளர்கள் 26 லட்சத்து 73 ஆயிரம். ராட்டை சுற்றுவது போன்ற உப வேலை செய்கிறவர்கள் 8 லட்சத்து 48 ஆயிரம். மொத்தத்தில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள்.

அரசாங்கக் கணக்கில் ராட்டைக்காரிக்கு இடம் கிடைத்துவிட்டது. கூலி நோட்டில் அவர் பெயர் ஏறவேண்டியதுதான் பாக்கி!